காந்தப் படமும் ஊசி மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்ற சொல் நுழையாத வீடு இன்று அநேகமாக இல்லை எனலாம். முதுகு வலிக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு ஒருவர் என்று யாராவது அந்தக் குழாய்க்குள் படுத்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும் "உங்களுக்குக் கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும்" என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, கை நரம்பில் ஊசி குத்தி வைப்பார்கள். அந்தத் தாளைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. உள்ளே போகும் மருந்து என்ன? அதை முதலில் யார் போட்டார்கள்? நர்ஸ் கையால் போடாமல் ஒரு யந்திரம் ஏன் தள்ளுகிறது? போன மருந்து முழுசும் வெளியே வந்துவிடுகிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் வரலாற்று வழியில் விடை தேடியதே இக்கட்டுரை. நான் டாக்டர் அல்லன்; மருத்துவமனைகளுக்குச் சிரிஞ்சும் குழாயும் சப்ளை செய்யும் வியாபாரி. சரக்கு கை மாறும்போது போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பார்ப்பது எங்கள் பழக்கம். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்திருக்கிறேன்.

உடம்புக்குள் ஒன்றைச் செலுத்திப் படம் பிடிக்கும் எண்ணம் காந்தப் படத்தைவிட மிகப் பழையது. ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டது 1895 நவம்பரில். இரண்டே மாதத்தில், 1896 ஜனவரியில், வியன்னாவில் ஹாஷெக், லிண்டன்டால் என்ற இருவர், துண்டிக்கப்பட்ட ஒரு கையின் ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு கலந்த குழம்பை ஏற்றிப் படம் எடுத்தார்கள். அந்த ஒரு படத்துக்கு 57 நிமிஷம் கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தது. செத்த கையில் சுண்ணாம்பு ஏற்றலாம். உயிரோடு இருப்பவர் உடம்பில் ஏற்ற முடியுமா? வழி தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மேகநோய்க்கு மருந்தாகக் கொடுத்த சோடியம் அயோடைடு சிறுநீர்ப்பையில் சேர்ந்ததும் எக்ஸ்-ரேயில் தெரிவதைக் கவனித்து 1923 இல் எழுதினார்கள். 1927 இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்பவர், கழுத்துத் தமனி வழியாக மருந்து செலுத்தி மூளையின் ரத்தக் குழாய்களையே படமாக்கினார்.

இதற்கு அடுத்து வந்த தோரோட்ராஸ்ட் என்ற மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரப்போகும் கதைக்கு அதுதான் முன்னோட்டம். 1930களில் பரவிய இது தோரியம் டை ஆக்சைடு கலந்த திரவம். படம் பளிச்சென்று விழுந்தது. அயோடின் மருந்துகள் கொடுத்த எரிச்சலும் குமட்டலும் இதில் இல்லை. டாக்டர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. ஆனால் போட்ட மருந்து உடம்பை விட்டு வெளியேறவே இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடியேறி, ஆல்ஃபா கதிரை வீசிக்கொண்டே இருந்தது. தோரியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையச் சுமார் 1400 கோடி வருஷம் ஆகும். மனித ஆயுளுக்கு அது எந்த மூலைக்கு? இருபது, முப்பது வருஷம் கழித்து அந்த நோயாளிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. 1950களோடு அந்த மருந்தின் உபயோகம் அடங்கியது. ஊசி போட்ட அன்று நோயாளிக்கு ஒன்றும் செய்யாத மருந்து என்பதாலேயே அதை எல்லாரும் நம்பினார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

தோரியம் என்றதும் நம் ஊர் மணல் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் தொழில் அதன் பிறகே தொடங்கியது. அந்த நாளில் தோரியத்துக்கு இருந்த பெரிய கிராக்கி காஸ் விளக்கின் மாண்டிலுக்குத்தான். பிரேசிலும் திருவிதாங்கூரும் உலகுக்கு மோனசைட் தந்த பெரிய இடங்களாக இருந்தன. 1956 நவம்பர் 1 முதல் மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த மோனசைட்டில் தோரியம் சிறு பங்குதான். பாதிக்கு மேல் இருப்பது அருமண் உலோகங்களின் ஆக்சைடுகள். அந்த அருமண் கூட்டத்தில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் ஒன்றின் பெயர் கடோலினியம். எம்.ஆர்.ஐ. ஊசியில் இருப்பது அதுவே. நேற்றைய தோரோட்ராஸ்டின் உலோகமும் இன்றைய எம்.ஆர்.ஐ. மருந்தின் உலோகமும் ஒரே மணலில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை.

கடோலினியம் என்ற பெயர் பின்லாந்து நாட்டு வேதியியலார் யோஹான் கடோலின் நினைவாக வந்தது. 1794 இல் சுவீடனின் இட்டர்பி என்ற சிற்றூரில் கிடைத்த கருங்கல்லை அவர் ஆராய்ந்தார். அவர் பெயரிலுள்ள உலோகத்தை அவர் பார்த்ததில்லை. 1880 இல் ஜெனிவாவில் மரின்யாக் அதன் அடையாளத்தைக் கண்டபோது கடோலின் இறந்து 28 வருஷம் ஆகியிருந்தது. இதன் அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏழு உண்டு. ஒரு எலெக்ட்ரானின் காந்தத் திறன் ஹைட்ரஜன் கருவினுடையதைப் போல ஏறக்குறைய 658 மடங்கு. அப்படிப்பட்ட ஏழு ஒரே இடத்தில் நின்றால் பக்கத்திலுள்ள தண்ணீர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் குட்டிக் காந்தங்கள். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்து ரேடியோ அலையால் இந்தக் குட்டிக் காந்தங்களைக் கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சமிக்ஞையைப் படமாக்குவதே எம்.ஆர்.ஐ. ஆகும். திரும்புவதற்கு ஆகும் நேரம் தசைக்கு ஒரு மாதிரி, கொழுப்புக்கு ஒரு மாதிரி, கட்டிக்கு ஒரு மாதிரி. இந்த அதிர்வை 1946 இல் கண்டு 1952 இல் நோபல் பரிசு பெற்றவர்கள் பிளாக், பர்செல் இருவரும். தண்ணீரில் கொஞ்சம் இரும்பு நைட்ரேட் கலந்தால் கருக்கள் சீக்கிரம் திரும்புகின்றன என்பது பிளாக் குழுவுக்கு அப்போதே தெரியும். எக்ஸ்-ரே மருந்து தானே படத்தில் தெரியும். எம்.ஆர்.ஐ. மருந்து அப்படித் தெரியாது. பக்கத்துத் தண்ணீரை அவசரப்படுத்தும், அந்த அவசரம்தான் படத்தில் வெளிச்சமாகிறது.

அதிர்வைப் படமாக்கலாம் என்ற யோசனை பால் லாட்டர்பர் என்பவருக்கு 1971 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு ஹாம்பர்கர் கடையில் உட்கார்ந்திருந்தபோது உதித்தது (நமக்கு ஆகாத பண்டம், இருந்தாலும் அந்தக் கடைக்கு நன்றி சொல்ல வேண்டும்). அவருடைய கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பிவிட்டு, 1973 மார்ச்சில் வெளியிட்டது. அதில் இருந்த படம் மனிதனுடையது அல்ல. தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களின் படம். ஒரு குழாயில் வெறும் தண்ணீர், மற்றதில் துளி மாங்கனீஸ் சல்பேட் கலந்த தண்ணீர் என்று வைத்து, இரண்டையும் வேறுபடுத்தியும் காட்டியிருந்தார். கான்ட்ராஸ்ட் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. பிறந்த அன்றே அதுவும் உடன் பிறந்துவிட்டது.

1978 இல் லாட்டர்பரும் அவர் கூட்டாளிகளும் நாய்களின் இதய ரத்தக் குழாயை அடைத்து, மாங்கனீஸ் ஊசி போட்டு, ரத்தம் போகாத தசையை அதிர்வளவில் பிரித்துக் காட்டினார்கள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபில் வந்தவன் என்பதால் இந்தப் பகுதியைப் படித்தபோது மனசு சங்கடப்பட்டது. நம்மில் பலருக்கு உயிர் தந்த படங்களுக்கு அந்த வாயில்லா ஜீவன்கள் கொடுத்த விலையை வரலாறு எழுதுகிறவன் மறைக்கக் கூடாது. மாங்கனீஸ் இதயத்துக்கே ஆபத்தான உலோகம் என்பதால் மனிதருக்கு வேறொன்று தேட வேண்டி வந்தது.

அந்தத் தேடல் பெர்லினில், ஷெரிங் கம்பெனியில் முடிந்தது. ஹான்ஸ்-யோவாகிம் வைன்மன் குழு கடோலினியத்தை எடுத்துக்கொண்டது. தனியாக விட்டால் அது விஷம். அதன் பருமன் கால்சியத்தை ஒத்திருப்பதால் உடம்பில் கால்சியத்தின் இடத்தில் புகுந்து குழப்பம் செய்யும். ஆகவே டி.டி.பி.ஏ. என்ற மூலக்கூறின் பிடிக்குள் அதை அடைத்தார்கள். உலோக விஷத்தைப் பிடித்து வெளியேற்ற முன்பே பயன்பட்ட மூலக்கூறு அது. இந்த வகைப் பிணைப்பைக் கொடுக்கிணைப்பு என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. நண்டு தன் கொடுக்கால் பிடிப்பது போல. பிடித்த பிடி விடாமல் சிறுநீரகம் வழியாக வெளியே போய்விட வேண்டும் என்பதே திட்டம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி ரத்தத்தை விட்டுப் போய்விடும். 1981 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1983 இல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். 1984 இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு மூளைக் கட்டி நோயாளிகளின் படங்களை 'லான்செட்' இதழில் வெளியிட்டது. மூளைக்கு ரத்தத்திலிருந்து கண்டதும் கசியாதபடி ஒரு தடுப்பு உண்டு. கட்டி வந்த இடத்தில் அந்தத் தடுப்பு பழுதாகி மருந்து கசியும். கசிந்த இடம் விளக்கேற்றியது போலத் தெரியும். 1988 இல் மாக்னெவிஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இனி என் சொந்தச் சரக்கான சிரிஞ்சுக்கு வருகிறேன். அளவு என்னவோ சின்னதுதான்: எடையில் கிலோவுக்கு 0.2 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லி, அதாவது ஒரு பெரிய ஸ்பூன் அளவுகூட இல்லை. கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதைக் கையால் போட்டால் போதும். ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. இந்தப் பகுதியில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, எவ்வளவு வேகமாக, எத்தனை கசிகிறது என்று அளக்க வேண்டுமென்றால், மருந்து ஒரே கட்டியாகப் போய்ச் சேர வேண்டும். அதை ஆங்கிலத்தில் போலஸ் என்பார்கள். நாம் 'கவளம்' என்று சொன்னால் பொருந்தும். மூளை வழியே அந்தக் கவளம் முதல் சுற்றுப் போய் முடிக்கப் பத்துப் பதினைந்து விநாடிதான். அந்த நேரத்துக்குள் ஒன்றரை, இரண்டு விநாடிக்கு ஒரு படம் எடுத்து, ஏறி இறங்கும் கோடு ஒன்றை வரைய வேண்டும். இன்றைக்கு ஒரு நர்ஸ் மூன்று விநாடியில் தள்ளி, நாளைக்கு இன்னொருவர் எட்டு விநாடியில் தள்ளினால், கோட்டின் அகலம் மாறுவது நோயாளியாலா, நர்ஸின் கட்டைவிரலாலா? தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை போடுவது போலத்தான்.

ரத்தக் குழாய்ப் படத்துறையில் இதற்கு முன்பே வழி கண்டிருந்தார்கள். 1953 இல் செல்டிங்கர் என்ற சுவீடன் டாக்டர் குழாய் செருகும் சுலபமான முறையைக் கொண்டுவந்தார். 1960 இல் அமெரிக்காவில் அம்ப்லாட்ஸ் தள்ளு யந்திரம் ஒன்றை விவரித்தார். 1964 இல் பிட்ஸ்பர்க் பகுதியில் ஹைல்மன் என்ற டாக்டர் தொடங்கிய மெட்ராட் கம்பெனி, குறித்த வேகத்தில் தள்ளும் இன்ஜெக்டருக்குப் பெயர் பெற்றது. ஆனால் அவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக முடியாது. காந்தம் இரும்பை விடாது. 2018 ஜனவரியில் இதே மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஒருவர் உயிரிழந்த செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். மோட்டாரில் இரும்பும் காந்தமும் உண்டு. போதாததற்கு அதன் மின் இரைச்சல் படத்தில் கோடு கோடாக விழும். அதனால் 1990களில் எம்.ஆர்.ஐ.க்கென்றே தனி இன்ஜெக்டர் செய்தார்கள். பித்தான் பலகை வெளி அறையில், உள்ளே இருப்பது இரும்பு தவிர்த்த உடல், இடையில் மின் கம்பிக்குப் பதில் ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை, மின்சாரத்துக்கு பாட்டரி.

அந்த யந்திரத்தின் தலையில் இரண்டு சிரிஞ்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரவலாக விற்ற ஒரு மாடலில் ஒன்று 65 மில்லி, மற்றது 115 மில்லி. சின்னதில் மருந்து, பெரியதில் வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு உப்புத் தண்ணீர்? போடுவது 12 மில்லி. அதில் சில மில்லி நீளக் குழாயிலேயே தங்கிவிடும், மிச்சம் கை நரம்பில் சோம்பி நிற்கும். பின்னாலேயே உப்புத் தண்ணீர் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டு போனால்தான் கவளம் சிதறாமல் இதயத்தைச் சேரும். விநாடிக்கு 5 மில்லி வேகம் என்றால், மருந்து முழுதும் இரண்டரை விநாடிக்குள் உள்ளே போய்விடும். ஊசியின் பருமன் சரியாக இல்லாவிட்டால் நரம்பு உப்பிவிடும் என்பதால்தான் இதற்குப் பெரிய ஊசி குத்துகிறார்கள். குழந்தைகளும் வயசானவர்களும் முகம் சுளிப்பது அதற்குத்தான்.

இந்த முறை எதைச் சாதித்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1991 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பெலிவோ குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஏழு பேரை இருட்டில் வைத்து ஒரு முறை, கண்ணெதிரே வெளிச்சத்தை மின்னச் செய்து ஒரு முறை என்று கடோலினியக் கவளம் செலுத்தி, மூளையின் பின்புறப் பார்வைப் பகுதியில் ரத்த அளவு சுமார் 32 சதவீதம் கூடுவதைக் காட்டினார்கள். மனித மூளை வேலை செய்வதை எம்.ஆர்.ஐ. முதன்முதலில் காட்டியது இப்படித்தான். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினையே மருந்து போலப் பயன்படுத்தலாம் என்று ஒகாவா 1990 இல் எலிகளில் காட்டியிருந்தார். 1992 இல் அது மனிதருக்கும் பலித்தது. மூளை வேலையைப் படம் பிடிக்க ஊசி தேவையில்லை என்றாயிற்று. பெலிவோவின் ஊசி முறைக்கு அந்தத் துறையில் ஆயுசு ஒரு வருஷம்கூட இல்லை. ஆனால் பக்கவாதம், புற்றுக்கட்டி ஆராய்ச்சியில் கவளம் நிலைத்தது. கசிவை அளக்கும் கணக்கை 1991 இல் டாஃப்ட்ஸ், கெர்மோட் இருவரும் வகுத்தார்கள். 1993 இல் மார்ட்டின் பிரின்ஸ், மருந்து தமனியில் இருக்கும் சில விநாடியோடு படமெடுப்பைப் பொருத்தி வயிற்று ரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டினார். அதற்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு மருந்து போடும் வழக்கமும் உண்டாயிற்று.

அங்கேதான் வினை வந்தது. அயோடின் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், கடோலினியம் கெடுக்காது என்ற நம்பிக்கையில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கே அதை அதிகமாகப் போட்டார்கள். 1997 முதல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்துப் பலகை போல இறுகி, மூட்டு மடங்காமல் போனது. 2000 இல் அதைப் புது நோய் என்று எழுதினார்கள், காரணம் தெரியவில்லை. ஆஸ்திரியாவில் குரோப்னர் என்ற டாக்டர் 2006 இல் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். கடோலினியம் போட்டுப் படம் எடுத்த 9 டயாலிசிஸ் நோயாளிகளில் 5 பேருக்கு அந்த நோய். அதே வருஷம் டென்மார்க்கிலிருந்தும் அதே செய்தி. வெளியேற வழியில்லாமல் மருந்து நாள்கணக்கில் உடம்பில் சுற்றியதில் நண்டின் பிடி தளர்ந்து உலோகம் வெளிப்பட்டிருந்தது. 2007 இல் அமெரிக்க மருந்துத் துறை கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. முன்கூட்டியே சிறுநீரகச் சோதனை, குறைந்த அளவு, கூண்டு போலச் சுற்றிலும் மூடிப் பிடிக்கும் மருந்து வகை என்று மாறியதும் அந்த நோய் புதிதாக வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அந்தக் கூண்டு வகை பிரான்சில் 1989 முதலே கிடைத்துக்கொண்டுதான் இருந்தது!

சமண நூல்களில் ஊற்று, கட்டு, உதிர்ப்பு என்று மூன்று சொற்கள் வரும். வினை நுண்துகளாக உயிருக்குள் ஊறுவது, உயிரோடு கட்டுண்பது, பின் உதிர்ந்து போவது. மருத்துவத்தின் மேல் சமயத்தை ஏற்றுகிறேன் என்று எண்ண வேண்டாம், உவமைக்காகச் சொல்கிறேன். இன்ஜெக்டர் வைத்து ஊற்றை விநாடிக் கணக்கில் அளந்த ஆராய்ச்சி, உதிர்ப்பை முப்பது வருஷம் அளக்காமல் அனுமானத்திலேயே விட்டிருந்தது. 2014 இல் ஜப்பானில் கண்டா குழு, சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களிலும் பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் சில பகுதிகள் மருந்து போடாமலே வெளுத்துத் தெரிவதைக் காட்டியது. எத்தனை முறை ஊசியோ அத்தனைக்கு வெளுப்பு. பாக்கி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பாக்கியால் மூளைக்குக் கெடுதி என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் 2017 இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் பழைய வகை மருந்துகளில் சிலவற்றை நிறுத்திவைத்தது. முதல் மருந்தான மாக்னெவிஸ்டின் நரம்பு ஊசியும் அதில் அடக்கம்.

வெளியே வந்த பங்கு எங்கே போயிற்று? 1996 இல் பாவ், டுல்ஸ்கி என்ற ஜெர்மானியர்கள் ஆற்று நீரில் அருமண் உலோகங்களை அளந்தபோது கடோலினியம் மட்டும் இயற்கைக்கு மீறித் துருத்திக்கொண்டு நின்றது. சாக்கடைச் சுத்திகரிப்பிலும் பிடிபடாமல் மருத்துவமனை மருந்து ஆற்றுக்கு வந்திருந்தது. நிலத்திலிருந்து எடுத்த உலோகம் மனித உடம்பு வழியாக நதியில் கலந்துவிட்டது.

ஊசியே இல்லாமல் ரத்த ஓட்டத்தை அளக்க முடியாதா? இதன் வேரில் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். 1951 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், குழாயில் ஓடும் திரவத்தின் அதிர்வு நிற்கும் திரவத்தினுடையதிலிருந்து மாறுபடுவதைக் கண்டு எழுதினார். கலைக்கப்படாத புதுக் கருக்கள் வந்துகொண்டே இருப்பதுதான் காரணம். 1959 இல் அமெரிக்காவில் சிங்கர் இதே வழியில் எலி வாலில் ரத்த ஓட்டத்தைப் பார்த்தார். 1992 இல் கழுத்தில் ஓடும் ரத்தத்தின் கருக்களையே ரேடியோ அலையால் முத்திரையிட்டு, மூளைக்கு வரும்போது எண்ணும் முறை வந்தது. மருந்து இல்லை, சிரிஞ்சு இல்லை. எங்கள் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சூர்யன் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். இம்முறையின் சமிக்ஞை நூற்றில் ஒரு பங்கு அளவே என்பதால் பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். கசிவை மருந்து காட்டுவது போல இது காட்டுவதுமில்லை.

ஆகவே கட்டி, மூளைத்தண்டுவட அழற்சி போன்றவற்றுக்கு ஊசி இன்றும் தேவையாகவே இருக்கிறது. 2022 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கடோபிக்லெனால் என்ற மருந்து பாதி அளவிலேயே அதே படத்தைத் தருகிறது. ஊசிக்கு முன் கிரியேட்டினின் சோதனைச் சீட்டு கேட்பது 2006 இன் பாடத்தால் வந்த வழக்கம்; டயாலிசிஸ் செய்பவர், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர், கர்ப்பிணி, முன்பு ஊசி போட்டு ஒவ்வாமை வந்தவர் ஆகியோர் கேட்காவிட்டாலும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் மருந்தின் பெயரும் எத்தனை மில்லி என்பதும் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கி, தேதி போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டால், அடுத்த ஊரில் அடுத்த டாக்டர் கேட்கும்போது இது எத்தனையாவது ஊசி, எந்த வகை மருந்து என்று காட்ட முடியும்.